ஸ்கொட்லாந்து பிரிந்தால் பிள்ளைகளின் பாஸ்போட் என்னவாகும்?

கேள்வி

மட்டக்களப்பு எழுவான்கரையில் இருந்து 64 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி விபரங்களைச் சற்று மாற்றியுள்ளோம். மூத்த மகன் 2008இல் படிக்கப் போய் கிளாஸ்கோவிலேயே தங்கிவிட்டார். 2017இல் பிரித்தானியக் குடியுரிமை எடுத்தார். மருமகளிடம் இன்னும் இலங்கைப் பாஸ்போட்தான் இருக்கிறது, அங்கே நிரந்தர வதிவிட அனுமதியும் உண்டு. பேத்தி 2019இல் கிளாஸ்கோவில் பிறந்தவள். இளைய மகன் 2023இல் வேலை விசாவில் அபர்டீனுக்குப் போனார்.

மருமகள் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஆயத்தமானபோது இளையவர் தடுத்திருக்கிறார். "ஸ்கொட்லாந்து எப்படியும் தனிநாடாகும், ஆன கையோடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும். அங்கே இருக்கிற எல்லாருக்கும் அந்தப் பாஸ்போட் கிடைக்கும். ஏன் மச்சாள் இப்ப காசைக் கரியாக்கிறீங்க?" என்பது அவருடைய வாதம். இதைக் கேட்டதிலிருந்து டீச்சருக்குத் தூக்கமில்லை. மூத்தவரின் பாஸ்போட் செல்லாமல் போய்விடுமா? சின்னவர் சொல்வது சரியா? எல்லாருடைய இலங்கைக் குடியுரிமையும் என்னவாகும்? 2018இல் காலமான கணவர் படுவான்கரையில் விட்டுப்போன ஐந்து ஏக்கர் வயலை மூத்தவருக்கு எழுதினால் 'வெளிநாட்டவர்' என்று தடுப்பார்களா? கடிதத்தின் அடியில் ஒரு வரி: "பிரிவினையைப் பற்றிக் கேட்பதே பிழையா என்று தெரியவில்லை, பெயரைப் போட்டுவிடாதீர்கள்."

பதில்

டீச்சர், அந்தக் கடைசி வரியை முதலில் தீர்த்துவிடுவோம். நீங்கள் பயப்படுவது 1983ஆம் ஆண்டின் ஆறாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 157அ உறுப்புரைக்கு. அது தடை செய்வது இலங்கையின் ஆட்புலத்துக்குள் தனிநாடு அமைப்பதை ஆதரிப்பதையும் ஊக்குவிப்பதையும் அதற்குப் பணம் கொடுப்பதையும்தான். ஸ்கொட்லாந்தின் தலைநகர் எடின்பரோவும் லண்டனும் பிரிவதைப் பற்றிப் பேசுவது அதற்குள் வராது. இலங்கைக்குள் சமஷ்டி கேட்பதுகூடப் பிரிவினை ஆகாது என்று நமது உயர் நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 4இல் தீர்ப்பளித்திருக்கிறது. பேத்தியின் பாஸ்போட்டைப் பற்றிக் கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இனி சின்னவரின் 'எப்படியும்' என்ற சொல். 2014 செப்டம்பர் 18இல் நடந்த வாக்கெடுப்பில் 55.3 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றார்கள், 44.7 சதவீதம் பேர் பிரியலாம் என்றார்கள். லண்டனிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றம் சம்மதிக்காமல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இன்னொரு வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்ற முடியாது என்று பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றம் 2022 நவம்பர் 23இல் தீர்த்துவிட்டது. ஆசை இருக்கிறது, இயக்கம் இருக்கிறது, திகதி இல்லை. திகதி இல்லாத ஒன்றை நம்பி ஓர் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவதுதான் உங்கள் குடும்பத்தில் இப்போது நடக்கும் பிழை.

எல்லை கீறும் நாளில் பார்ப்பது கையிலுள்ள கடதாசியை

ஒரு பகுதி தனிநாடானால் அங்கே குடியிருக்கும் எல்லாரும் அதன் குடிமக்கள் ஆகிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படித் தானாக நடக்க வைக்கும் சர்வதேசச் சட்டம் எதுவுமில்லை. வழமையாக வசிக்கும் இடத்தை வைத்துக் குடியுரிமை கிடைக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் ஐ.நா. பொதுச்சபை கவனத்தில் எடுத்த விதிக்கோவை ஒன்று சொல்கிறது. அது வழிகாட்டல் மட்டுமே. யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் புதிய நாடு தன் சொந்தச் சட்டத்தில் எழுதுகிறது. பழைய நாடு யாரைத் தொடர்ந்து வைத்திருப்பது என்பதைத் தன் சட்டத்தில் எழுதுகிறது. இரண்டு பேனாக்கள், இரண்டு மேசைகள்.

இதற்கு ஐரோப்பா வரை போகவே தேவையில்லை. 1948 பெப்ரவரி 4இல் நாம் சுதந்திரம் பெற்றோம். அதே ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இத்தீவில் எல்லாரும் ஒரே முடியின் பிரசைகள். தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு என்றது புதிய சட்டம். தோட்டங்களில் பிறப்புப் பதிவே இல்லாதிருந்த மலையகத் தமிழர் எதைக் காட்டுவது? சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, கணக்கிலெடுத்த 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். முழுதாகத் தீர்க்கவென்று 2003இல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு.

உங்கள் மருமகளின் நிலைக்கு இன்னும் கிட்டிய உதாரணம் ஸ்லோவேனியா. 1991 ஜூனில் அது யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. அங்கே நிரந்தரமாக வாழ்ந்து, ஆனால் பொஸ்னியா, சேர்பியா, குரோஷியா போன்ற மற்றக் குடியரசுகளின் பதிவில் பெயர் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கேட்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். தெரியாமல் விட்டவர்களும் உண்டு, 'இருபது வருஷம் இங்கேதானே இருக்கிறோம், எதற்கு' என்று விட்டவர்களும் உண்டு. 1992 பெப்ரவரி 26இல் 25,671 பேரின் பெயரை நிரந்தர வதிவாளர் பதிவேட்டிலிருந்து அப்படியே அழித்தார்கள். அறிவித்தல் எதுவும் அனுப்பவில்லை. கந்தோருக்குப் போனபோது அடையாள அட்டையில் துளை போட்டுக் கொடுத்தபோதுதான் பலருக்கே தெரியவந்தது. வேலையும் ஓய்வூதியமும் மருத்துவக் காப்புறுதியும் அதோடு போயின. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அது தவறு என்று இறுதியாகச் சொன்னது 2012 ஜூனில்.

சண்டையில்லாமல் பிரிந்த செக்கோஸ்லோவாக்கியாவிலும் 1969இலிருந்து இருந்த உட்குடியரசுப் பதிவை வைத்துத்தான் ஆட்களைப் பிரித்தார்கள். செக் மண்ணிலேயே வாழ்ந்த ரோமா மக்கள் பலர் 1993 விடிந்தபோது ஸ்லோவாக்கியர் ஆகியிருந்தார்கள். 2011இல் தென் சூடான் பிரிந்ததும், அதன் குடியுரிமை கிடைத்தவராகக் கருதப்பட்டவர்களின் சூடான் குடியுரிமையை சூடான் சட்டத்தைத் திருத்தியே எடுத்துவிட்டது.

இப்போது ஸ்கொட்லாந்து. அதன் அரசு 2013 நவம்பரிலும் 2023 ஜூலையிலும் வெளியிட்ட திட்டங்களில் தானாகக் குடியுரிமை பெறுவோர் என்று சொன்னது முக்கியமாக இவர்களை: சுதந்திர நாளில் ஸ்கொட்லாந்தில் வழமையாக வசிக்கும் பிரித்தானியக் குடிமக்கள், வேறெங்கு இருந்தாலும் ஸ்கொட்லாந்தில் பிறந்த பிரித்தானியக் குடிமக்கள். இரண்டிலும் 'பிரித்தானியக் குடிமக்கள்' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். 'அங்கே இருக்கிற எல்லாருக்கும்' என்று சின்னவர் சொல்வது திட்டத்தை எழுதியவர்களே சொல்லாத ஒன்று.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால், மூத்தவர் முதல் வகையில் வருவார். அவருடைய பிரித்தானியக் குடியுரிமையும் தானாக அறுந்துவிடாது. செக்கோஸ்லோவாக்கியா இல்லாமலே போனது, ஸ்கொட்லாந்து போனாலும் ஐக்கிய இராச்சியம் தொடர்ந்து இருக்கும். அந்தக் குடியுரிமையைப் பறிக்க லண்டன் பாராளுமன்றம் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டும். இரட்டைக் குடியுரிமையை ஸ்கொட்லாந்து ஏற்கும் என்று எடின்பரோ சொல்லலாம், லண்டனின் சார்பில் வாக்குக் கொடுக்க அதனால் முடியாது. பேத்தி பிறந்தபோது தகப்பன் பிரித்தானியக் குடிமகன், ஆகவே 1981ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டப்படி பிறப்பிலேயே அவள் பிரித்தானியக் குடிமகள். பிறந்ததும் ஸ்கொட்லாந்தில். நாலு பேரில் ஆகப் பலமான நிலை அந்தப் பிள்ளைக்குத்தான். பலவீனமான நிலையில் இருப்பவர்கள் மருமகளும் சின்னவரும்: பொறுத்திருக்கச் சொல்பவரும், அதைக் கேட்டுப் பொறுத்திருப்பவரும்.

தனிநாடு ஆனால் உடனே ஐரோப்பாவா?

ஐரோப்பியக் குடியுரிமை என்று தனியாக ஒரு பொருள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தத்தின் 20ஆம் உறுப்புரைப்படி, உறுப்புநாடொன்றின் குடியுரிமை உள்ளவருக்கு அதோடு ஒட்டிக்கொண்டு வருவது அது. மரம் போனால் ஒட்டும் போய்விடும். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, பிரான்சில் பல ஆண்டு வாழ்ந்த பிரித்தானியப் பெண் ஒருவர், என் ஐரோப்பியக் குடியுரிமையை எப்படிப் பறிப்பீர்கள் என்று வழக்குப் போட்டார். நாடு வெளியேறிய நாளோடு அதுவும் முடிந்தது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூன் 9இல் தீர்ப்பளித்தது. 2016இல் ஸ்கொட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருக்க வாக்களித்தும் அவர்களும் 2020 ஜனவரி 31இல் வெளியேறியவர்கள்தான்.

ஆகவே தனி ஸ்கொட்லாந்து ஒன்றியத்துக்குள் 'திரும்பிப் போக' முடியாது, புதிய நாடாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான, ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 49ஆம் உறுப்புரையின்படி 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதித்து, ஒவ்வொரு நாடும் தன் முறைப்படி அங்கீகரிக்க வேண்டும். குரோஷியா விண்ணப்பித்தது 2003இல், உள்ளே போனது 2013 ஜூலை 1இல். ஒஸ்திரியா, சுவீடன், பின்லாந்து 1995இல் வேகமாகச் சேர்ந்தன என்பதும் உண்மை. பல ஆண்டு ஒன்றியச் சட்டத்தின் கீழ் இருந்த ஸ்கொட்லாந்துக்கும் பாதை கிட்டவாக இருக்கலாம். ஆனால் தன்னிடமிருந்து பிரியக் கேட்கும் கட்டலோனியாவை மனதில் வைத்திருக்கும் ஸ்பெயினும் அந்த 27இல் ஒன்று. கொசோவோ 2008இல் பிரிந்ததை ஸ்பெயின் உட்பட ஐந்து உறுப்புநாடுகள் இன்றுவரை அங்கீகரிக்கவில்லை.

சின்னவர் கணக்கில் எடுக்காத இன்னொன்று உண்டு. சேர்ந்த அன்றைக்கே ஜேர்மனிக்குப் போய் வேலை செய்யலாம் என்பதும் நிச்சயமில்லை. 2004இல் சேர்ந்த போலந்து முதலிய நாடுகளின் தொழிலாளருக்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் தங்கள் கதவை ஏழு ஆண்டு, 2011 ஏப்ரல் முடியும் வரை, பூட்டியே வைத்திருந்தன. அதைவிட முக்கியம், இவையெல்லாம் கைகூடினாலும் அந்தச் சுதந்திர நடமாட்டம் ஸ்கொட்லாந்துக் குடிமக்களுக்குத்தான். வதிவிட அனுமதியோடு இலங்கைப் பாஸ்போட் வைத்திருப்பவருக்கு அது சொந்த உரிமையாக வராது. மருமகளுக்கு வந்தால் மூத்தவரின் மனைவி என்ற வழியால் வரலாம். சின்னவருக்கு அந்த வழியும் இல்லை.

ஒரு பகுதி நாடு மாறாமலே ஒன்றியத்தை விட்டுப் போவதும் உண்டு. கிறீன்லாந்து 1985இல் வெளியேறியது, ஆனால் மக்கள் டென்மார்க் குடிமக்களாகவே இருப்பதால் ஐரோப்பியக் குடிமக்களும்கூட. வட அயர்லாந்தின் நிலை மறுபக்கம்: அது அயர்லாந்தோடு சேர்ந்தால், கிழக்கு ஜேர்மனி 1990இல் போனதுபோல, இருக்கும் உறுப்புநாட்டின் பகுதியாக நேரே உள்ளே போகும். தனிநாடாவது இந்த இரண்டிலும் சேராது.

   

மருமகளும் சின்னவரும் இப்போது செய்ய வேண்டியது

பிரித்தானியக் குடிமகனின் மனைவி என்பதால் மருமகளுக்குத் தேவைப்படும் வதிவிடக் காலம் ஐந்து அல்ல, மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டில் நாட்டுக்கு வெளியே நின்றது 270 நாளையும், கடைசி 12 மாதத்தில் 90 நாளையும் தாண்டக்கூடாது. விண்ணப்பம் போய்ச் சேரும் திகதிக்குச் சரியாக மூன்று ஆண்டுக்கு முந்திய அதே நாளில் அவர் உடலளவில் பிரித்தானியாவில் இருந்திருக்க வேண்டும். பலருக்குச் சறுக்குவது இங்கேதான். அந்த நாளில் ஊர்த் திருவிழாவுக்கு மட்டக்களப்பில் நின்றிருந்தால், விண்ணப்பத்தைச் சில கிழமை தள்ளிப்போட்டாலே சரிவரும். பழைய பாஸ்போட் முத்திரைகளையும் விமானச்சீட்டுகளையும் வைத்து ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். பிரித்தானிய வாழ்க்கை பற்றிய பரீட்சையில் 45 நிமிடத்தில் 24 கேள்வி, 18 சரியாக வேண்டும். ஆங்கில மொழித் தகைமையும் கேட்பார்கள்.

'நிரந்தர' வதிவிடம் என்ற சொல்லையும் நம்பி இருந்துவிட வேண்டாம். தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியே நின்றால் அது காலாவதியாகும். உங்களைப் பார்த்துக்கொள்ள அவர் நீண்ட காலம் ஊரில் வந்து நிற்க நேர்ந்தால் இதுதான் முதலில் அடிபடும். வதிவிட அட்டைகளுக்குப் பதில் இப்போது மின்விசா. அந்த இணையக் கணக்கில் புதிய பாஸ்போட் இலக்கம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும்.

அவர் தயங்குவதன் உண்மையான காரணம் இலங்கைக் குடியுரிமை போய்விடும் என்பதாக இருக்கலாம். அந்தப் பயம் நியாயமானது. விரும்பி வேறுநாட்டுக் குடியுரிமை எடுப்பவர் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார் என்பதுதான் நமது குடியுரிமைச் சட்டம். ஆனால் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. இன்னும் எடுக்காதவர், எடுப்பதற்கு முன்பே இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கலாம். மருமகளுக்கு இந்த வாசல். ஏற்கெனவே இழந்தவர் மீளப்பெற விண்ணப்பிக்கலாம். மூத்தவருக்கு அந்த வாசல். 2017இல் இழந்ததை மீட்காமல் பழைய இலங்கைப் பாஸ்போட்டைக் காட்டிக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்குவது சட்டவிரோதம் என்பதை அவரிடம் சொல்லி வையுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது, மற்றபடி உங்கள் குடும்பத்துக்கு அதனால் குறை எதுவுமில்லை.

மூத்தவர் இலங்கைக் குடியுரிமையை மீளப்பெற்ற பிறகு, நாளைக்கு ஸ்கொட்லாந்துக் குடியுரிமை அவருக்குத் தானாக வந்தால்? சட்டத்தில் 'விரும்பி' என்ற சொல் இருப்பதால், கேளாமல் வந்ததற்காக இலங்கைக் குடியுரிமை போகாது என்பதே என் வாசிப்பு. ஆனால் தானாகவே போய் அந்தப் பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்தால் 'விரும்பியே எடுத்தார்' என்று வாதிட இடம் வரும். அந்த நாள் வந்தால், விண்ணப்பிக்கு முன் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோவையில் வைக்க வேண்டும்.

பேத்தி பிறந்தபோது தாய் இலங்கைக் குடிமகள். குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய்வழியாகவும் குடியுரிமை செல்லும். ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை 5(2)ஆம் பிரிவின் கீழ் பதிந்தால்தான். ஓராண்டுக்குள் பதியாதிருந்தால் தாமதத்துக்குக் காரணம் காட்டி லண்டன் உயர் ஸ்தானிகராலயத்தில் இப்போதே தொடங்குங்கள். மருமகள் பிரித்தானியக் குடியுரிமை எடுக்க முன் இதை முடித்தால் கடதாசி வேலை குறையும். பிறப்பிலேயே இரு குடியுரிமை வந்த பிள்ளைக்கு 22 வயது ஒரு கெடு, அதற்குள் தெரிவு செய்ய வேண்டும் என்பதையும் குறித்து வையுங்கள்.

சின்னவருக்கு இன்னும் அவசரம். அவர் போன காலத்தில் ஐந்து ஆண்டில் நிரந்தர வதிவிடம் கேட்கலாம் என்றிருந்தது. அதைப் பொதுவாகப் பத்து ஆண்டாக்கும் யோசனையைப் பிரித்தானிய அரசு 2025 மே வெள்ளை அறிக்கையில் முன்வைத்தது. விதி கையிலிருந்து நழுவும் காலத்தில், இல்லாத நாட்டின் பாஸ்போட்டைக் கனவு காண நேரமில்லை. எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே நிற்கக்கூடாது. சம்பளச் சீட்டு ஒன்றும் தவறக்கூடாது. வேலை மாறுவதென்றால் புதிய தொழில்தருநரின் அனுசரணைப் பத்திரத்தில் விசா திருத்தம் கிடைத்த பிறகே முதல் நாள் வேலைக்குப் போக வேண்டும். அவருக்கு ஆறுதலாக ஒன்று: பொதுநலவாய நாட்டுக் குடிமகன் என்பதால் 2014இல் போன்ற வாக்கெடுப்பு மீண்டும் வந்தால், அதே விதிகள் இருக்கும்வரை, விசாவில் இருப்பவருக்கும் வாக்குண்டு.

வயல்

டீச்சர், இதில் நீங்கள் கேட்காத ஒரு திருத்தம். ஐந்து ஏக்கரையும் மூத்தவருக்கு எழுத உங்களால் முடியாது, அது முழுதும் உங்களுடையது அல்ல. யாழ்ப்பாணத்துத் தேசவழமை மட்டக்களப்புக்குச் செல்லாது, நமக்குப் பொதுச் சட்டம். கணவர் மரணசாதனம் எழுதாமல் காலமானார் என்றால் பாதி உங்களுக்கு, மிச்சப் பாதி இரண்டு மகன்மாருக்கும் சமபங்கு. அதாவது இரண்டரை ஏக்கர் உங்களுடையது, ஒன்றேகால் ஏக்கர் வீதம் பிள்ளைகளுடையது. கணவர் இறந்த நாளிலேயே அந்தப் பங்குகள் சேர்ந்துவிட்டன.

வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், நெருங்கிய உறவினருக்கு உரித்தாகப் போகும் காணிக்கும் இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் விலக்குத் தருகிறது. எனவே 2018இல் மூத்தவர் பிரித்தானியக் குடிமகனாக இருந்தும் அவருடைய ஒன்றேகால் ஏக்கருக்குப் பழுதில்லை. பக்கத்து வயலை வெளியாரிடம் விலைக்கு வாங்க நினைத்தால்தான் இரட்டைக் குடியுரிமை இல்லாமல் சிக்கல் வரும். உங்கள் பாதியையும் அவருக்கே கொடுப்பதென்றால் அவர் 19ஆம் பிரிவின் கீழ் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழை எடுத்த பிறகு நன்கொடை உறுதியாக எழுதுவது கேள்விக்கே இடமில்லாத வழி. நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சியோடு எழுத வேண்டும், அவர் அதை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். வர முடியாவிட்டால் அற்றோணித் தத்துவப் பத்திரம் அனுப்பி இன்னொருவர் மூலம் ஏற்கலாம்.

இவ்வளவும் உறுதிக் காணிக்கு. வயல் அரசு கொடுத்த பேர்மிட் காணி என்றால் இந்தப் பங்குக் கணக்கே பொருந்தாது, பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்று முதலில் பிரதேச செயலகக் காணிக் கிளையில் பாருங்கள். உறுதி எழுதுவதாக இருந்தால், உங்கள் சீவிய உருத்தை ஒதுக்கி வைக்கும் வாசகம் அதில் இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள். பெரும்போக விளைச்சலை நீங்கள் உள்ளவரை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.